பேர்ணடெற் ரீச்சர் பேசாமலிருந்த நாட்கள்

பேர்ணடெற்றுக்குக் குரல் போனது வகுப்பு நடுவில். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஏ’ எங்கே வரும், ‘த’ எங்கே வரும் என்று பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வசனத்தின் பாதியில் தொண்டைக்குள் நூல் ஒன்று அறுந்ததுபோல இருந்தது. அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தாள், செருமிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் இருந்த பதினொரு பேரும் பேனாக்களைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது ரொறன்ரோ நகர மையத்தில், புளோர் வீதியில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஆங்கிலப் பள்ளி. வெளிநாடுகளில் இருந்து வந்து, ஆறு மாதம் எட்டு மாதம் தங்கி ஆங்கிலம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கானது. அந்த வசந்தத்தில் அவளுடைய வகுப்பில் ஒன்பது பேர் ஜப்பானியர். எல்லாரும் ஜூன் மாதக் கடைசியில் வரும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்று அதில் நான்கு பகுதிகள். முதல் மூன்றுக்கும் அவர்களுக்கு ரீச்சரே தேவையில்லை என்று சொல்லலாம். இலக்கணத்தில் அவர்கள் பிழை விட்டால் அது பேர்ணடெற்றுக்கு ஒரு செய்தி. பேச்சுப் பரீட்சை என்றால்தான் எல்லாம் கவிழும்.

பேச்சுப் பரீட்சையில் பரீட்சகர் முன்னால் இருந்து கேள்வி கேட்பார். தயங்காமல் பேசிக்கொண்டு போகவேண்டும். பேச்சு அடிக்கடி நின்று நின்று வந்தால் புள்ளி குறையும். அவளுடைய மாணவர்களோ, ஒரு வசனம் தலைக்குள் முழுதாக, பிழையில்லாமல் தயாராகும் வரை வாயைத் திறக்கமாட்டார்கள். தயாராகும்போது பரீட்சகர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

அந்த மௌனம் பேர்ணடெற்றுக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். பதினான்கு வயதில் மன்னாரில் இருந்து வந்து ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோது, முதல் குளிர்காலம் முழுக்க அவள் பேசிய ஆங்கிலம் ‘யெஸ்’, ‘நோ’, ‘சொறி’ மட்டும்தான். அதனால் ஒரு மாணவி பதில் சொல்ல முடியாமல் மேசையைப் பார்ப்பதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்கமுடியாது. உடனே தானே பாய்ந்து உதவி செய்வாள். ‘உன் ஊரா? மலையா? அழகானதா?’ என்று பதில்களை எடுத்துக் கொடுப்பாள். மாணவி தலையாட்டுவாள். வகுப்பு ஒருபோதும் அமைதியாக இருக்காது. படி ஏறி வரும்போதே உன்னுடைய சத்தம் கேட்கும் என்று பள்ளியின் பொறுப்பாளர் ஸ்டெபனி பகிடியாகச் சொல்வதுண்டு. மாணவர்களுக்கு அவளைப் பிடிக்கும். பேர்ணடெற் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். சென்செய் என்றால் ஜப்பானிய மொழியில் ஆசிரியர்.

தொண்டை வைத்தியர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரத்தக் கசிவு என்றார். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வாரம் ஒரு சொல்லும் பேசக்கூடாது. செருமக்கூடாது. குசுகுசுப்பது இன்னும் கூடாது. சத்தமாக அழக்கூடாது. அதை மீறினால் குரல் பழையபடி திரும்பாமலே போகலாம் என்றார். அவர் அதை அமைதியாகத்தான் சொன்னார். பேர்ணடெற் வீடு போய்ச் சேரும் வரை வாயை இறுக மூடிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அவளுடைய கணவன் நிசாந்தன் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்பவன். மிசிசாகாவில் இருந்து நெடுஞ்சாலையில் நெரிசலோடு மல்லுக்கட்டி வந்து, சாப்பிட்டு, செய்தி பார்த்துப் படுத்துவிடுகிற மனுசன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வான். கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதும் முதல் இரண்டு நாளும் திகைத்துப்போய் இருந்தான். மூன்றாம் நாள் தானாகவே பேசத் தொடங்கினான். கல்கரிக்குப் போகவேண்டிய குதிரை ஒன்று பெட்டிக்குள் ஏற மறுத்த கதையைச் சொன்னான். இருபது வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மகள் மெலனிக்குப் பதினாறு வயது. தாய் வாயை அசைத்தாலே காவல்காரி மாதிரி விரலை நீட்டினாள்.

“அம்மா, விஸ்பர் பண்ணாதேங்கோ. டொக்டர் சொன்னவர்தானே.”

வகுப்பை வேறொருவரிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்று பேர்ணடெற்றே முடிவு செய்தாள். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. ஹமில்ரனில் இருந்து ஒரு இளம் ஆசிரியர் வரத் தயாராக இருப்பதாக ஸ்டெபனி சொன்னாள். வியாழக்கிழமை பாடக் குறிப்புகளை ஒப்படைப்பதற்காகப் பேர்ணடெற் ஸ்டெபனியின் அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் எழுதிக் கொண்டு வந்திருந்தாள். சயூரியைப் பற்றித்தான் நிறைய எழுதியிருந்தாள். சயூரிக்கு இருபத்தேழு வயது. ஜப்பானில் நகானோ என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். இங்கே கல்லூரியில் சிறுவர் பராமரிப்புப் படிக்க ஆசை; அதற்கு அந்தப் பரீட்சையில் நல்ல புள்ளி வேண்டும். எழுதினால் தெளிந்த நீர் மாதிரி எழுதுவாள். வகுப்பில் மட்டும் அவளுடைய குரலைக் கேட்பதற்கு ஆள் குனியவேண்டும்.

கதவில் யாரோ தட்டினார்கள். கதவைத் திறந்தால் வாசலில் சயூரி, அவளுக்குப் பக்கத்தில் கெய்த்தா என்கிற இளைஞன், முன்னால் ஒக்கஜிமா, பின்னால் படிவரைக்கும் மிச்ச வகுப்பு. ஒக்கஜிமாதான் வகுப்பில் மூத்தவர். அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் கூரையைப் பார்த்து நீண்ட நேரம் யோசிப்பார். பேர்ணடெற் அதற்குள் அடுத்தவரிடம் போய்விடுவாள்.

அவர்கள் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். முதலில் சயூரி பேசினாள். மனப்பாடம் செய்து வந்தது தெரிந்தது. “எங்களுக்கு இதே ஆசிரியர் வேண்டும், தயவுசெய்து.” பிறகு கெய்த்தா. “வருகிறவர் நல்லவராக இருப்பார். ஆனால் அவருக்கு எங்களைத் தெரியாது.” ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொன்னார்கள். கடைசியில் எல்லாரும் ஒக்கஜிமாவைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். ஸ்டெபனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேர்ணடெற் அவளுடைய கையைத் தொட்டு நிறுத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒக்கஜிமா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். “நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் ஆங்கில ஆசிரியர். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். இலக்கணம், மொழிபெயர்ப்பு, சொற்கள். எல்லாம் காகிதத்தில். அந்த முப்பத்தொரு வருடத்தில் நான் ஆங்கிலத்தில் யாரோடும் கதைத்ததில்லை. அதனால் இங்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.” ஸ்டெபனியின் பக்கம் திரும்பினார். “பேர்ணடெற் சென்செய் பலகையில் எழுதட்டும். நான் பக்கத்தில் நின்று வாசிக்கிறேன். நான் பிழையாகச் சொன்னால் அவர் மேசையில் தட்டட்டும்.”

ஸ்டெபனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்தப் பள்ளிக்கு வந்த நாளில் இருந்து இவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை என்றாள். ஹமில்ரன்காரரிடம் வேறு வகுப்பு ஒன்றைக் கொடுக்கலாம் என்றும், ஒரு வாரம் பார்ப்போம் என்றும் சொன்னாள். பேர்ணடெற்றுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தமாக அழக்கூடாது என்று வைத்தியர் சொன்னதை நினைத்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சயூரி ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. முதல் நாள் காலை ஒக்கஜிமா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேர்ணடெற் எழுத, அவர் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி நிமிர்ந்து நின்று வாசித்தார். எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

உங்கள் ஊரில் மாறிப்போன ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது அன்றைய கேள்வி. பரீட்சையில் அடிக்கடி வருகிற வகை. பேர்ணடெற் சயூரியைக் கை காட்டினாள். சயூரி மேசையைப் பார்த்தாள். வழமையாக இந்த இடத்தில்தான் பேர்ணடெற் உள்ளே பாய்வாள்: கடையா, பள்ளிக்கூடமா, ஸ்டேஷனா? இப்போது வாயே இல்லை. பலகையில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தவள், ஒக்கஜிமாவைப் பார்த்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காத்திருப்பது ஒரு வேலை என்பது போல நிம்மதியாகக் காத்திருந்தார். பேர்ணடெற் பேனாவைக் கீழே வைத்தாள். கீழ்மாடியில் பல் கடைகிற இயந்திரம் ஓடி நின்றது. தெருவில் ஒரு லொறி பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

சயூரி தலையை நிமிர்த்திப் பேசத் தொடங்கினாள். அவளுடைய தெருவில் பொதுக் குளிப்பகம் ஒன்று இருந்ததாம். சின்ன வயதில் தகப்பனோடு தினமும் போவாளாம். போன வருடம் அதை மூடிவிட்டார்கள். வீட்டில் குளிக்கலாம், அதில் கஷ்டமில்லை. ஆனால் அப்பாவுக்கு இப்போது அயலில் யார் சுகமாக இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை என்றாள். ‘த’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ வந்தது. இறந்தகாலம் இரண்டு இடத்தில் நழுவியது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, இவ்வளவும் நானா பேசினேன் என்பதுபோலச் சுற்றிப் பார்த்தாள்.

பேர்ணடெற் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்தக் குளிப்பகக் கதை நேற்று உண்டானதல்ல. இந்தப் பெண்ணுக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. வெளியே வர அதற்குக் கொஞ்ச நேரம்தான் தேவைப்பட்டது. அந்த நேரம் இப்போதாவது கிடைத்ததே என்று அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நன்றியோடு நினைத்தாள்.

ஆனால் பரீட்சகர் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார். அதற்கும் ஒரு வழி வேண்டும். அடுத்த நாள் பேர்ணடெற் பலகையில் பெரிதாக எழுதினாள்: யோசிப்பதையும் வாயால் யோசியுங்கள். ‘நல்ல கேள்வி’, ‘இதை நான் முன்னர் யோசித்ததில்லை’, ‘கொஞ்சம் பொறுங்கள், எப்படிச் சொல்வது’ என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் நேரம் எடுக்கச் சொல்லும் சொற்களை வரிசையாக எழுதினாள். ஒக்கஜிமா அவற்றை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். என்னுடைய மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பேன், இதில் ஒரு அர்த்தமும் இல்லையே என்றார். பேர்ணடெற் சிரித்துக்கொண்டு எழுதினாள்: இது எழுத்தில்லை, பேச்சு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கோப்பி வேண்டுமா என்று கேட்டாலும், ‘அது ஒரு சுவாரசியமான கேள்வி, அதைப் பல கோணங்களில் பார்க்கலாம்’ என்று தொடங்கிவிடுவார்.

மாதிரிப் பரீட்சைதான் பெரிய பகிடி. பேர்ணடெற்றால் கேள்வி கேட்கமுடியாது என்பதால் மாணவர்களே ஒருவரையொருவர் பரீட்சித்துப் புள்ளி போடவேண்டியிருந்தது. முதல் தடவை எல்லாரும் எல்லாருக்கும் ஒரே புள்ளியைப் போட்டிருந்தார்கள், யாருடைய மனதும் நோகாதபடிக்கு. நீங்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று பேர்ணடெற் பலகையில் எழுத, ஒக்கஜிமா அதை மிகுந்த மரியாதையோடு உரத்து வாசித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சரி, உங்களுக்கு நீங்களே புள்ளி போடுங்கள் என்று எழுதினாள். இப்போது எல்லாரும் பாதாளத்தில் இருந்தார்கள். அதில் சயூரி போட்டதுதான் ஆகக் குறைவு. பேர்ணடெற் அந்த எண்ணை வெட்டிவிட்டு, பக்கத்தில் தான் நினைத்ததை எழுதிக் கொடுத்தாள். சயூரி அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை இடைவேளையில் பேர்ணடெற்றின் தொலைபேசி அடித்தது. தொண்டை வைத்தியரின் கிளினிக் இலக்கம். பழக்கத்தில் அழுத்திக் காதில் வைத்தாள். ஹலோ, ஹலோ என்று ஒரு பெண் குரல் வந்தது. பேர்ணடெற் வாயைத் திறந்தாள், மூடினாள். மெலனியைக் கூப்பிட்டுக் கொடுக்கிற பழக்கத்தில் பக்கத்தில் யாரென்று திரும்பினாள். தேநீர்க் கோப்பையோடு சயூரி நின்றாள். கொஞ்சமும் யோசிக்காமல் தொலைபேசியை அவளுடைய கையில் வைத்துவிட்டாள்.

ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் தொலைபேசி என்றால் எவ்வளவு பயம் என்பது பேர்ணடெற்றுக்குத் தெரியும். முகம் தெரியாது, வாய் அசைவு தெரியாது, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கம். சயூரி தான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரைத் தொலைபேசியில் அழைக்கப் பயந்து, ஓடாத தண்ணீர்க் குழாயோடு இரண்டு வாரம் இருந்தவள். அவளுடைய கண்கள் விரிந்தன. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். கோப்பையைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

யார் பேசுகிறீர்கள் என்று கிளினிக் பெண் கேட்டாள்.

சயூரி ஒரு மூச்சு எடுத்தாள். “நான் பேர்ணடெற்றுடைய குரல்” என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஓகே என்றாள். நோயாளியின் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். பேர்ணடெற்றின் முழுப்பெயரில் அவளுடைய தகப்பனின் பெயரும் உண்டு: அலெக்ஸாண்டர். ‘எல்’லும் அதில் இருக்கிறது, ‘ஆர்’ரும் இருக்கிறது. ஜப்பானியர் நாக்கில் இரண்டும் ஒன்றாகிவிடுகிற எழுத்துகள். சயூரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். “எல். லெமனில் வருகிற எல்.” கொஞ்சம் தள்ளி, “ஆர். றேடியோவில் வருகிற ஆர்.” அதைச் சொல்லும்போது அவளுடைய நாக்கு மேலே தொடாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறது என்பதைப் பேர்ணடெற் கண்ணால் பார்த்தாள். இடைவேளைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள்.

மூன்று வாரம் முடிய மறுபடி பார்ப்பதற்குக் குறித்திருந்த திகதியில் வைத்தியர் வெளியூர் போகிறார், அதனால் அதை ஓகஸ்ட்டுக்குத் தள்ளியிருக்கிறோம் என்று கிளினிக் பெண் சொன்னாள். பேர்ணடெற்றுக்குத் திக்கென்றது. ஓகஸ்ட் வரைக்கும் பேசலாமா கூடாதா என்றே தெரியாமல் இருக்கமுடியுமா? அவள் சயூரியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சயூரிக்கு அது தேவைப்படவில்லை.

“நல்ல கேள்வி, மன்னிக்கவும், கேள்வி இல்லை. கொஞ்சம் பொறுங்கள், எப்படிச் சொல்வது.” வாசலில் கெய்த்தா வாயைப் பொத்தினான். சயூரி தொடர்ந்தாள். “இவர் ஆசிரியர். இவருடைய குரல்தான் இவருடைய வேலை. இரண்டு வாரமாக ஒரு சொல்லும் பேசவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், உண்மையாகவே பேசவில்லை. ஓகஸ்ட் மிகத் தூரம். வேறு நாள் இருக்கிறதா? எந்த நேரமும் வருவார். யாராவது வராமல் விட்டால், அந்த இடத்தில் வருவார்.”

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த வியாழன் காலை முதல் ஆளாக வரமுடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். சயூரி பேர்ணடெற்றைப் பார்த்தாள். பேர்ணடெற் தலையைத் தலையை ஆட்டினாள். வருவார் என்று சொன்னாள் சயூரி. திகதியையும் நேரத்தையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினாள். உங்கள் உதவிக்கு நன்றி, நல்ல நாளாக அமையட்டும் என்றாள். தொலைபேசியை நிறுத்திய பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தாள். கோப்பையில் இருந்த தேநீர் பாதி அவளுடைய சப்பாத்தில் இருந்தது.

பேர்ணடெற் குனிந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். ஜப்பானியர் சட்டென்று கட்டிப்பிடிக்கிற ஆட்கள் இல்லை. சயூரி முதலில் விறைத்து, பிறகு அவளுடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒக்கஜிமா வாசலில் நின்றபடி மெல்லச் சொன்னார். “நான் இப்போது அந்த அழைப்பை எடுத்திருந்தால் ஓகஸ்ட்டுக்குச் சம்மதித்திருப்பேன்.”

அடுத்த வியாழன் நிசாந்தன் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். வைத்தியர் குழாயை விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது, மெதுவாகத் தொடங்கலாம், முதல் வாரம் நாளுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் என்றார். காரில் ஏறியதும் நிசாந்தன் திறப்பைப் போடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏதாவது சொல்லுமன்” என்றான்.

“என்னத்தைச் சொல்ல” என்றாள் பேர்ணடெற். குரல் கரகரப்பாக, கொஞ்சம் தாழ்ந்து வந்தது. தன்னுடையதுதான் என்று அவளுக்கே அடையாளம் காண ஒரு கணம் பிடித்தது. “நீங்கள் இவ்வளவு கதைப்பீங்களெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு. அந்தக் குதிரை பிறகு ஏறினதோ இல்லையோ? அதைக் கேக்க ஏலாமல் இவ்வளவு நாளும் தவிச்சுப்போனன்.”

“ஓம், ஏறினது. ஒரு பொடிச்சி வந்து அப்பிள் காட்டினவள்.” சொல்லிவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தான்.

வகுப்புக்குப் போனபோது அவள் பேசத் திட்டமிட்டிருந்ததெல்லாம் மறந்துபோனது. குட் மோர்னிங் என்றாள். பதினொரு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் ஒவ்வொருவருடைய பெயராகச் சொல்லி நன்றி சொன்னாள். பெரிய வசனம் ஒன்றுமில்லை, சயூரி, நன்றி, கெய்த்தா, நன்றி, அவ்வளவுதான். ஆனால் அவளுக்குக் கிடைத்திருந்த கொஞ்ச நேரப் பேச்சில் பெரும்பங்கு அதற்கே போனது. ஒக்கஜிமா பலகைப் பக்கத்தில் இருந்த தன்னுடைய பேனாவை எடுத்துக்கொண்டு பழைய இருக்கைக்குப் போகப் புறப்பட்டார். பேர்ணடெற் அவருக்கு ஒரு கதிரையை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் போட்டாள். பரீட்சை வரைக்கும் அவர் அங்கேயே இருந்தார். இலக்கணக் கேள்வி வந்தால் அவர், பேச்சென்றால் அவள். சில நாட்களில் மாறியும் நடந்தது.

பரீட்சை நாளில் மழை. சயூரி பேச்சுப் பரீட்சை முடித்து நேரே பள்ளிக்கு ஓடி வந்தாள். உனக்குப் பிடித்த காலநிலை எது என்று கேட்டார்களாம். மூடுபனி என்று சொன்னாளாம். ஏன் என்று கேட்டதும் அவளுக்கே ஏன் என்று தெரியவில்லையாம். ‘இதை நான் முன்னர் யோசித்ததில்லை’ என்று தொடங்கி, யோசித்துக்கொண்டே பேசி, கடைசியில் பரீட்சகர் போதும் என்று கையைக் காட்டும் வரைக்கும் மூடுபனியைப் பற்றியே பேசினாளாம். சொல்லிவிட்டு, அதில் எத்தனை பிழை விட்டேனோ தெரியாது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்ததுதான் பேர்ணடெற்றுக்குப் போதுமாக இருந்தது.

முடிவுகள் ஜூலையில் வந்தன. சயூரிக்குக் கல்லூரிக்கு வேண்டிய புள்ளி கிடைத்தது. பேச்சில் அதற்கு மேலேயும் கிடைத்தது. கெய்த்தாவுக்கு எழுத்தில் அரைப் புள்ளி குறைந்தது, அவன் இலையுதிர்காலத்தில் மறுபடி எழுதப் பதிந்தான். ஒக்கஜிமாவுக்குப் பரீட்சை எதற்கும் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறருக்குப் புள்ளி போட்டவர், தனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு எழுதியிருந்தார். நினைத்ததைவிடப் பேச்சில் குறைவுதான். பேர்ணடெற் அவருக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அது ஒரு சுவாரசியமான கேள்வி” என்றார், ஒருவரும் கேள்வி கேட்காமலே. “நான் பரீட்சகராக இருந்தால் இதைவிடக் குறைவாகப் போட்டிருப்பேன். அவர் நல்லவர். சென்செய், எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வாய் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.”

“எனக்கும்தான் தெரியவில்லை” என்றாள் பேர்ணடெற். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். அந்த மௌனத்தை நிரப்பவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் அந்த மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்பிப் போனார். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடியோ அழைப்பு ஒன்றுக்கு நேரம் ஒதுக்கமுடியுமா என்று கேட்டிருந்தார். ஜப்பானில் அது சனிக்கிழமை காலை. பேர்ணடெற் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்தாள். திரையில் ஒரு சனசமூக மண்டபம். ஒக்கஜிமா கழுத்துப்பட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவருடைய பழைய மாணவர்கள் என்றார். முன்னர் இவர்களுக்கு எழுதப் படிப்பித்தேன், இப்போது சனிக்கிழமைகளில் பேசுகிறோம், புள்ளி கிடையாது என்றார்.

மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி முதலில் எழுந்தாள். பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு சொல் வரவில்லை. அங்கே ஒருவரும் அவசரப்படவில்லை. ஒக்கஜிமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்காபரோவில் பேர்ணடெற்றும் காத்திருந்தாள்.

“பள்ளிக்கூடத்தில் சென்செய் எனக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டுப் போட்டார்” என்றாள் அந்தப் பெண்மணி. “இருபத்தைந்து வருடம் நான் ஆங்கிலத்தை வெறுத்தேன். இப்போது சனிக்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசுவதற்குக் கனடாவில் ஒரு ஆசிரியரிடம் பழகினேன் என்று அவர் சொன்னார். உங்களைப் பார்த்து நன்றி சொல்ல விரும்பினேன்.”

பேர்ணடெற் அவளிடம் கடையைப் பற்றிக் கேட்டாள். அவள் சொன்னாள். மீன்பிடிச் சங்கத்தில் வேலை செய்யும் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் ரொறன்ரோவில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். நிசாந்தனுக்கு அது தெரியும் என்று பேர்ணடெற் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தான். பிறகு பாரை, விளை, கணவாய் என்று, ஆங்கிலத்தில் பெயர் தெரியாததைக் கையால் நீளம் காட்டி, அந்த மனிதரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அழைப்பு முடிந்ததும் மெலனி மேலேயிருந்து இறங்கி வந்தாள். யார் அம்மா அவ்வளவு பேரும் என்று கேட்டாள்.

“என்ர ஸ்ரூடன்ரின்ர ஸ்ரூடன்ஸ்” என்றாள் பேர்ணடெற்.

“ஓ, அப்ப அவை உங்கட கிராண்ட் சில்ட்ரன்.”

அந்த வழுக்கைத் தலை மீன்காரரை நினைத்துப் பேர்ணடெற் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு எழுந்து, இடியப்பத்தைச் சூடாக்க அடுப்படிக்குப் போனாள்.